ஒருவர் சுட்ட மானுக்கு மற்றவரின் டேக்: விஸ்கான்சின் குழு வேட்டையில் எது முறை?

வடகாட்டுவாசி (விஸ்கான்சின்), இழையைத் தொடங்கியவர்

சென்ற ஆண்டு நவம்பரில் நடந்த ஒன்றை இங்கே எழுதுகிறேன். மான்வேட்டைக்குப் போகிற தமிழர்கள் இக்குழுமத்தில் சிலராவது இருப்பதால், மற்ற இடங்களைவிட இங்கே நேர்மையான கருத்துக் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

வேட்டைக்குப் பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். இங்கே துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தேங்க்ஸ்கிவிங் நாளுக்கு (நவம்பர் நான்காம் வியாழக்கிழமை வரும் நன்றி கூறும் திருநாள்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் நடக்கும். உரிமம் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் கொம்புள்ள ஆண்மான் ஒன்றுக்கான அனுமதி கிடைக்கும். பெண்மானுக்கான அனுமதி அந்தந்த மாவட்டத்தின் நிலைமையைப் பொறுத்தது. வடக்கே சில ஆண்டுகளில் சில மாவட்டங்களில் அது அறவே கிடையாது. இந்த அனுமதியைத்தான் எல்லோரும் டேக் என்கிறார்கள். முன்பு அதை மானின் மேல் கட்டித் தொங்கவிட வேண்டும். இப்போது அது ஓர் எண்தான். மான் கிடைத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் அந்த எண்ணைக் கொண்டு பதிவு செய்துவிட வேண்டும்.

எங்கள் அண்டை வீட்டுக் குடும்பம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே கேபினில் கூடி வேட்டையாடி வருகிறது. அவர்கள் என்னையும் சேர்த்துக்கொண்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வார இறுதியில் பத்துப் பேர் வரை இருப்போம். திங்கட்கிழமை பலரும் வேலைக்குத் திரும்பிவிடுவதால், அந்தச் செவ்வாய்க்கிழமை நால்வர் மட்டுமே இருந்தோம்: குடும்பத்தின் மூத்தவரான எழுபத்தெட்டு வயதுப் பெரியவர், அவருடைய மகன், தங்கை மகன், நான். மற்ற இருவரும் சனிக்கிழமையே ஆளுக்கொரு ஆண்மானை எடுத்துவிட்டார்கள். எனக்குத் திங்கள் மாலை இரட்டைக் கிளைக் கொம்புள்ள சிறிய மான் ஒன்று கிடைத்தது. பயன்படுத்தப்படாமல் எஞ்சியிருந்தது பெரியவரின் டேக் ஒன்றுதான்.

காலையில் அவர் மரம் வெட்டும் பாதையின் முனையில், கவிழ்த்த பிளாஸ்டிக் வாளியின் மேல் மடித்த கம்பளியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் மூவரும் சதுப்பு நிலத்து சீடர் மரங்களுக்குள் வரிசையாக நடந்து, மானை அவர் பக்கம் கலைத்துவிட்டுக்கொண்டிருந்தோம். பதினொன்றரை மணிக்கு முழங்கால் வலி தாங்காமல் அவர் கேபினுக்குத் திரும்பினார். நான்தான் அவரை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். கேபின் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவு. அதன் பிறகும் நாங்கள் காட்டைக் கலைப்பதை நிறுத்தவில்லை. மூன்று மணிக்குத் தங்கை மகன் எட்டுக் கிளைக் கொம்புள்ள ஆண்மான் ஒன்றைச் சுட்டார். "அப்பாவின் டேக் இருக்கிறதே" என்றார் மகன். அந்த எண்ணைக் கைப்பேசியில் உள்ளிட்டார்கள். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பது எனக்கு ஓரளவு தெரியும். சட்டத்துக்கு அப்பால் இதில் என்ன தவறு என்பதையே கேட்கிறேன். அந்த இறைச்சி அவருக்கும் சேர்த்துத்தான் பங்கு போடப்பட இருந்தது.

மினியாபோலிஸ்காரன்

நண்பரே, சட்டத்தை ஓரளவு தெரிந்துகொண்டால் போதாது, அதைத் துல்லியமாகப் பார்க்க வேண்டும். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது.

விஸ்கான்சினில் குழுவாக வேட்டையாடும் ஒருவர் மற்றொருவருக்காக மானைச் சுடலாம். இருவரும் துப்பாக்கியோடு வேட்டையில் இருக்க வேண்டும். இருவரிடமும் உரிமம் இருக்க வேண்டும். யாருக்காகச் சுடப்படுகிறதோ அவரிடம் பயன்படுத்தப்படாத டேக் இருக்க வேண்டும். இவற்றோடு, சுடும் நேரத்தில், சுடும் இடத்தில், இருவரும் ஒருவரையொருவர் கண்ணால் பார்க்கவோ குரலால் கூப்பிடவோ கூடிய நெருக்கத்தில் இருக்க வேண்டும். ரேடியோவோ கைப்பேசியோ இந்தக் கணக்கில் சேராது. ஒலியைக் கூட்டித்தரும் கருவிகளில் காது கேட்பதற்கான கருவிக்கு மட்டுமே விலக்கு உண்டு. வயதானவர்கள் வேட்டையில் இருப்பார்கள், அவர்களை ஒதுக்கிவிடக் கூடாது என்று எண்ணித்தான் அந்த விலக்கை எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஆகவே, பெரியவர் உங்கள் வண்டியில் ஏறிப் போனதும் அந்தக் காட்டில் டேக் எதுவும் மிச்சமில்லை. நீங்கள் மூவரும் அப்போதே துப்பாக்கிகளிலிருந்து தோட்டாக்களை எடுத்துவிட்டிருக்க வேண்டும். மூன்று மணிக்கு நடந்ததைவிட, பதினொன்றரை மணிக்கு நடக்காமல் போனதே முதல் தவறு.

எங்கள் மினசோட்டாவிலும் துப்பாக்கி வேட்டையில் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்காக மற்றொருவர் சுடலாம். மொத்த மான்கள் குழுவின் உரிமங்களை மீறக் கூடாது.

ஒன்டாரியோ வாசகர்

எல்லைக்கு இந்தப் பக்கம் விதி வேறு மாதிரி என்பதால் எழுதுகிறேன். ஒன்டாரியோவில் குழு வேட்டையில் டேக் வைத்திருப்பவரிடமிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் மற்றவர்கள் இருக்கலாம். உடனடியாகவும் நம்பகமாகவும் அவரோடு தொடர்புகொள்ள முடிய வேண்டும். அதற்கு ரேடியோவைப் பயன்படுத்தலாம். இங்குள்ள காடுகளின் பரப்பையும், மூஸ் எனப்படும் மிகப் பெரிய மானின் வேட்டைக்கும் இதே முறை இருப்பதையும் நினைத்தால் அந்தத் தொலைவு புரியும். ஒரு மூஸ் டேக்கைச் சுற்றிப் பலர் சேர்ந்து வேட்டையாடுவது இங்கே வழக்கம்.

ஆனால், "அப்படியென்றால் மூன்று கிலோமீட்டர் இங்கே செல்லும்" என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். இங்கும் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் அந்த வேட்டையில் உண்மையாகப் பங்கெடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கேபினில் காலை நீட்டிப் படுத்திருப்பவர் ஐந்நூறு அடி தள்ளி இருந்தாலும் வேட்டையில் இல்லாதவர்தான். இரண்டு ஊர்களும் தொலைவை வேறு வேறு விதமாக அளந்தாலும், டேக்குக்கு உரியவர் காட்டில் இருந்தாரா என்றே இரண்டும் கேட்கின்றன.

மேடிசன் வாசகி

நான் வேட்டைக்குப் போவதில்லை. வனவிலங்கு மேலாண்மை படித்தவள். குழுவுக்குப் பொதுவான டேக் என்ற எண்ணம் விஸ்கான்சினுக்குப் புதிதல்ல. 1957இல் 'பார்ட்டி பெர்மிட்' என்ற ஒன்றை இங்கே கொண்டுவந்தார்கள். நான்கு பேர் சேர்ந்து வாங்கினால், அவரவர் மானுக்கு மேல், ஆணோ பெண்ணோ இன்னொரு மானைக் குழுவுக்காக எடுக்கலாம். முகாமில் சமைத்து உண்பதற்கான மான் என்று அதைச் சொல்வார்கள். பல பகுதிகளில் மான்கள் அளவுக்கு மீறிக் குறைந்ததால் 1963இல் அந்த அனுமதிக்கு வரம்பு வைத்தார்கள். 1980இல் அதற்குப் பதிலாகத் தனி ஆளுக்கான அனுமதி முறை வந்தது. ஆக, இறைச்சி எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்ற முகாம் வழக்கத்தைச் சட்டம் ஒரு காலத்தில் வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டிருந்தது. பின்னர் எண்ணிக்கையின் பொருட்டு அதை ஆளுக்கு ஆள் பிரித்தது.

எண்ணிக்கையைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். டேக்குகளை வழங்குகிறவர்கள் அவை அத்தனையும் பயன்படும் என்று எண்ணி வழங்குவதில்லை. குளிரில் நின்று ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறவர்களையும் கணக்கில் கொண்டுதான் எத்தனை டேக் தரலாம் என்று முடிவு செய்கிறார்கள். எல்லோரும் காட்டில் இருக்கும்போது குழுவில் திறமையாகச் சுடுபவர் மற்றவருக்காகச் சுடுவது பல்லாண்டுகளாக நடந்துவருவதால், பதிவுகளில் அதன் விளைவு ஏற்கெனவே தெரியும். வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களின் பெயரில், வேட்டையில் ஆர்வமே இல்லாத உறவினர்களின் பெயரில் உரிமம் வாங்கி, அவற்றையெல்லாம் இரண்டு பேர் தீர்ப்பது வேறு. அந்தப் பதிவில் மான் உண்மை, ஆள் பொய். 1953 முதல் இம்மாநிலம் சுடப்பட்ட மான்களைப் பதிவு செய்துவருகிறது; 2015இல் பதிவு நிலையங்களுக்குப் பதிலாக இணையமும் தொலைபேசியும் வந்தபின், அது ஏறக்குறைய முழுவதும் வேட்டைக்காரரின் சொல்லை நம்பியே நடக்கிறது.

மிச்சிகன் அண்ணன்

என் கருத்து கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாநிலத்தில் பருவம் எந்தக் கிழமையானாலும் நவம்பர் 15ஆம் தேதிதான் தொடங்கும். ஒருவரின் டேக்கை மற்றொருவர் பயன்படுத்த இடமே இல்லை. இருபது ஆண்டுகளாக அந்த விதிக்குள் வேட்டையாடியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதுதான் சரி. தன் டேக் தீர்ந்ததும் துப்பாக்கியைக் காலி செய்து உறையில் போடுகிற அந்தக் கணம் ஒரு வேட்டைக்காரனுக்கு மிக அவசியமானது. "போதும்" என்று அந்தக் காகிதம் சொல்கிறது. குழு டேக் அந்தச் சொல்லை எடுத்துவிடுகிறது. நன்றாகச் சுடுகிறவர் நான்கைந்து மான்களைச் சுடுகிறார். பக்கத்தில் நிற்கிற பதினான்கு வயதுப் பையன் பருவம் முழுவதும் ஒருமுறைகூடச் சுடாமல், கால்களை மட்டும் இழுத்துப் பிடித்துக் குடலெடுக்க உதவிவிட்டு வீட்டுக்குப் போகிறான்.

ஐயோவா சோளக்காட்டான்

அண்ணன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மற்றப் பாதி, கலைத்து ஆடும் வேட்டையைத் தனி ஆள் வேட்டையின் கண்ணால் பார்ப்பதால் வந்தது.

ஐயோவாவில் ஷாட்கன் பருவம் டிசம்பரில் வருகிறது. அதற்குள் சோளம் அறுத்து முடிந்திருக்கும். மான்கள் ஓடைக்கரைப் புதர்களில் ஒதுங்கி நிற்கும். எட்டுப் பேர் புதருக்குள் நடந்து கலைப்பார்கள்; நான்கு பேர் முனையில் காத்து நிற்பார்கள். நடப்பவர்களுக்குப் பெரும்பாலும் மான் சுடும் தோதில் கிடைக்காது. முழங்கால் அளவு பனியில் முள்ளில் சட்டை கிழிய நடந்தது அவர்கள். சுட்டது முனையில் நின்றவர். அந்த மான் யாருடையது? எங்கள் மாநிலச் சட்டம், குழுவில் அங்கேயே இருக்கிற எவருடைய டேக்கையும் அதற்குப் பயன்படுத்தலாம் என்கிறது. வேலையைச் சரியாகப் புரிந்துகொண்ட விதி அது. நடந்தவருக்கும் அந்த மானில் உரிமை உண்டு என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

எங்கள் குழுவின் வழக்கங்களைச் சொல்கிறேன். முதலில் யார் தோட்டா பட்டதோ அவருக்கே கொம்பு. ஆனால் அந்தத் தோட்டா உயிர்நிலையில் பட்டிருக்க வேண்டும். காலில் கீறிவிட்டு உரிமை கேட்கக் கூடாது. புதிதாக வந்தவரையும் சிறுவர்களையும் முதல் இரண்டு கலைப்புகளில் முனையில்தான் நிறுத்துவோம். கலைப்பவர்கள் நெருங்கி வந்து, முனையில் நிற்பவர்களின் கண்ணில் அவர்களுடைய ஆரஞ்சு உடை பட்டுவிட்டால், அதன்பின் அந்தத் திசையில் எவரும் சுடக் கூடாது. எத்தனை பெரிய மான் ஓடினாலும் சரி. இதை ஒருமுறை மீறியவர் மறு ஆண்டு எங்களோடு வரமாட்டார்.

வடகாட்டுவாசியிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த டேக்கைப் பயன்படுத்தலாமா என்று பெரியவரை யாராவது கேட்டீர்களா?

கோவை வாசகர்

ஒரு சந்தேகம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்தவன் நான். வேட்டை என்பதே எனக்கு அந்நியம். ஆனாலும் கேட்கிறேன். மான் விழுந்தாயிற்று. எவர் டேக்கும் இல்லை. அதை அப்படியே காட்டில் அழுகவிடுவது அதைவிடப் பெரிய பாவம் ஆகாதா? இருக்கிற டேக்கைப் போட்டு இறைச்சியைக் காப்பாற்றியது ஒருவகையில் நியாயம்தானே?

மினியாபோலிஸ்காரன்

நல்ல கேள்வி, ஐயா. அழுகவிடுவதும் தவறுதான், சுட்ட மானை வீணாக்குவதை வேட்டைக்காரர்கள் மிகவும் இழிவாகக் கருதுவார்கள். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. குடலை எடுத்துவிட்டு, மானை அங்கேயே வைத்துவிட்டு, வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரியான வார்டனை அழைத்து நடந்ததை நடந்தபடி சொல்வது. அபராதம் வரலாம். மானை அவர் எடுத்துச் செல்லலாம். இறைச்சி வேறு எவருக்காவது பயன்படும்.

மாநில எல்லையைத் தாண்டும் உறவினர்கள் உங்கள் முகாமில் இருந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். முறைகேடாக எடுத்த மானின் இறைச்சியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனால், 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் என்ற ஒன்றிய அரசுச் சட்டப்படியும் அது குற்றமாகிவிடும். இல்லினாய்க்குத் திரும்பும் ஒரு தம்பியின் குளிர்பெட்டியில் இருக்கும் நான்கு பொட்டலங்கள் போதும்.

மேடிசன் வாசகி

இழையில் எல்லோரும் பங்கையும் டேக்கையும் ஒன்றாகச் சேர்த்தே பேசுவதாக எனக்குப் படுகிறது. இறைச்சியைப் பங்கிட எவருடைய டேக்கும் தேவையில்லை. முறையாகப் பதிவு செய்த மானின் இறைச்சியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்; விற்கத்தான் கூடாது. விஸ்கான்சினில் 2000ஆம் ஆண்டு முதல் மான்களை உணவு வங்கிகளுக்குக் கொடுக்கும் திட்டமும் இருக்கிறது. சனிக்கிழமை கிடைத்த இரண்டு மான்களிலும் திங்கட்கிழமை கிடைத்ததிலும் பெரியவருக்குச் சமமான கூறு கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுத்திருக்காது. "அவருக்காகத்தான் சுட்டோம்" என்பது அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பொருந்தவில்லை.

இந்த மண்ணின் பழங்குடியினரான ஒஜிப்வேக்களிடம், ஒரு சிறுவன் முதன்முதலாக எடுத்த மானை ஊருக்குப் படைத்து, மூத்தவர்களுக்குக் கொடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. 1837, 1842 ஒப்பந்தங்களில் அவர்கள் காத்துக்கொண்ட வேட்டை உரிமையை 1983இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. இன்று தங்கள் விதிகளின்படி அவர்கள் வேட்டையாடுகிறார்கள். கொடுப்பதே அங்கே வேட்டையின் நிறைவு.

பங்கு போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2002இல் இம்மாநிலத்தில் சி.டபிள்யூ.டி. எனப்படும் மெலிவு நோய் மான்களில் கண்டறியப்பட்டது. அது மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோய் உறுதியான மானை உண்ண வேண்டாம் என்றே மருத்துவத் துறை சொல்கிறது. நோய்க்குக் காரணமான பொருள் சமைப்பதால் அழிவதில்லை. நான்கு மான்களின் இறைச்சியை ஒன்றாகக் கொத்தி அரைத்துப் பொட்டலம் கட்டினால், ஒரு மானுக்கு நோய் இருப்பதாகச் சோதனை முடிவு வந்தாலும் எல்லாருடைய பங்கையும் கொட்ட வேண்டியதுதான்.

ஐயோவா சோளக்காட்டான்

அதனால்தான் நாங்கள் ஒவ்வொரு மானையும் தனித்தனியாகவே அரைக்கிறோம். பொட்டலத்தின் மேல் மானின் பதிவு எண்ணை எழுதுவோம். பிறகு மேசையில் ஆளுக்கொரு கூறாக வைத்து, குழுவில் இளையவரைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தி, ஒருவர் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்க, அவர் ஒரு பெயரைச் சொல்வார். சுட்டவர், கலைத்தவர், அன்று சமைத்தவர் எல்லோருக்கும் ஒரே அளவு. என் தாத்தா ஊரில் ஆடு அடித்துக் கூறு போட்டதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்தக் குழுவில் முதல்முறை இதைப் பார்த்தபோது தொண்டை அடைத்துவிட்டது.

மிச்சிகன் அண்ணன்

கூறு போடுவதில் உங்களோடு எனக்கு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. கலைத்து ஆடுகிற வேட்டையில் நடந்தவருக்கும் உரிமை உண்டு என்ற வாதத்தையும் யோசித்துப் பார்த்தேன்; தனியாகப் பரணில் உட்கார்ந்தே பழகியதால் அந்தப் பக்கத்தை நான் பார்த்ததில்லை. இருந்தாலும், அந்த உரிமையை இறைச்சியாகக் கொடுத்தால் போதும் என்றே இன்னும் நினைக்கிறேன்.

வடகாட்டுவாசி

எல்லோருக்கும் நன்றி. சோளக்காட்டானின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மூன்று நாள் தள்ளிப்போட்டேன். யாரும் அவரைக் கேட்கவில்லை.

அன்றிரவு தங்கை மகன் நல்ல செய்தி சொல்வதுபோல் அவரிடம் சொன்னார்: "மாமா, உங்கள் டேக்கில் எட்டுக் கிளை மான்!" பெரியவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையால் துடைத்தார். கைப்பேசித் திரையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்த் தம் பெயரையும் நேரத்தையும் வாசித்தார். மாலை 3.10. "அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை நான் எழுந்தபோது அவர் ஆரஞ்சு உடையைப் போட்டுக்கொண்டு மேசையருகே உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை பேத்தி வருகிறாள், அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்த வாளியில் இன்னும் இரண்டு நாள் இருந்து பார்க்கலாம் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். முழங்கால் ஒரு பகல் ஓய்வில் சரியாகிவிட்டிருந்தது. காட்டுக்குப் போக அவருக்கு இனி டேக் இல்லை, எங்களுக்கும் இல்லை. ஒன்பது நாளில் மிச்சமிருந்த ஐந்து நாளையும் அவரிடமிருந்து நாங்கள் எடுத்துவிட்டோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கேள்விக்கு விடை அன்றே கிடைத்துவிட்டது. அதை எழுதும் துணிவுதான் இல்லை.

அன்று காலை அவரே வார்டனை அழைத்தார். வார்டன் வந்து எங்கள் நால்வரையும் தனித்தனியே விசாரித்தார், மானை எடுத்துக்கொண்டார், சுட்டவருக்கும் எண்ணை உள்ளிட்டவருக்கும் அபராதம் விதித்தார். எனக்கு எதுவும் இல்லை. விளக்குப் பிடித்ததைச் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். வியாழனன்று குடும்பம் முழுவதும் கூடியிருந்த மேசையில் தங்கை மகன் எழுந்து நின்று பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

இந்த ஆண்டு கேபின் வாசலில் பத்து ஆணிகளை அடித்தோம். காட்டிலிருந்து திரும்புகிறவர் தம் ஆரஞ்சுத் தொப்பியைத் தம் ஆணியில் மாட்ட வேண்டும். தொப்பி ஆணியில் இருக்கும்வரை அவர் டேக் காட்டில் இல்லை; வெளியே இருப்பவர்களுக்கு வண்டியில் போய்ச் சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமை மறுபடியும் நாங்கள் நால்வர், மறுபடியும் அவருடைய டேக் ஒன்றுதான் மிச்சம். பத்து மணிக்கு அவர் தொப்பியை மாட்டினார். நாங்கள் மூவரும் வந்து துப்பாக்கிகளைக் காலி செய்து, சனிக்கிழமை மான்களின் இறைச்சியைப் பொட்டலம் கட்ட உட்கார்ந்தோம். தங்கை மகன் எண்களை எழுதினார். இரண்டு மணிக்குப் பெரியவர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு, வாளி வண்டியில் இருக்கிறதா என்று கேட்டார்.